மதியம் நின்றுபோகும் மெஷின்

ஸ்ரீரங்கத்தில் டியூஷனில் இருந்தபோது அப்பா போன் செய்தார். "பெரியப்பா போயிட்டாரும்மா. கடைக்கு வராத, வீட்டுக்கு வந்துடு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவர் மூளையைப் புகழ்கிறீர்கள். நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் மொத்த ஜவுளிக் கடையில் இன்றும் பழைய டாஸ் கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறோம். அதற்கான புரோகிராமை சி மொழியில் எழுதியவர் பெரியப்பா. அப்போதெல்லாம் தினமும் மதியம் மெமரி போதவில்லை என்று திரையில் வந்து நின்றுவிடும். அப்போது பில் போட்ட செல்வி அக்கா அதை அணைத்துத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். "மெஷின் சாப்பிட்டாச்சு, இனிமே நான்" என்பார்.

அந்தப் புரோகிராமை நான் உட்கார்ந்து படித்தேன். புரொடெக்டட் மோட் என்ற முறையில் ஓடுவதால் கம்ப்யூட்டரில் உள்ள மெமரி முழுவதையும் அது கேட்டு வாங்கலாம். ஆனால் பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற பழைய புரோகிராமுக்கு முதல் ஒரு மெகாபைட்டுக்குள் இருப்பது மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் அந்தச் சின்ன இடத்திலிருந்து ஒரு துண்டு வாங்கும்படி பெரியப்பா எழுதியிருந்தார். பில் அச்சான பிறகு அதைத் திருப்பித் தரவில்லை. மேலே எவ்வளவோ காலியாகக் கிடக்க, கீழே மட்டும் மதியத்துக்குள் நிரம்பிவிடும்.

அவரிடம் சொன்னேன். கடையில் இருந்த வியாபாரிகளைப் பார்த்து, "புது முதலாளியம்மா வந்திருக்காங்க, வணக்கம் சொல்லுங்க" என்றார். அவர்கள் சிரித்தார்கள்.

தீபாவளிக் கூட்டத்தில், திருவெள்ளறை வியாபாரி ஒருவர் மூட்டை கட்டி நிற்கும்போது மெஷின் நின்றது. "ஒரே பில்ல ரெண்டு தடவ அடிக்கிறா, அதான் ரொம்பிருது" என்று அக்கா மேல் பாய்ந்தார் பெரியப்பா.

"நீங்க கேட்டாத்தானேங்க திரும்ப அடிக்கிறேன்" என்றார் அக்கா.

"எதுத்துப் பேசுறியா? நாளைலேர்ந்து வராத."

அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"தப்பு அக்கா மேல இல்ல பெரியப்பா. மெமரிய விடுற வரிய நீங்க எழுதல" என்றேன்.

அவர் திரும்பாமலே, "தெரியும். நீ சொன்ன அன்னிக்கே பாத்துட்டேன். வாய மூடு" என்றார்.

பெரியப்பாவின் காரியம் முடிந்தபின் புரோகிராமைத் திருத்த அப்பா என்னை அனுமதித்தார். ஒரு வரி சேர்த்தேன். கடை சாத்தும்வரை மெஷின் நிற்கவில்லை. சமயபுரத்தில் லாட்ஜ் வேலைக்குப் போய்விட்ட அக்காவைத் திரும்ப அழைக்கப் போனோம். "இங்க யாரும் என்னைப் பொய் சொல்லித் திட்டுறதில்ல பாப்பா" என்றார்.

"மெமரி கேட்டா கெடைச்சுரும்னு நம்பாத, கெடைச்சுதான்னு பாரு" என்று பெரியப்பா சொல்வார். அப்படிப் பார்க்காமல் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். "தெரியும்" என்ற அந்தக் குரலும் என்னிடம் இருக்கும். அதை நான் யாருக்காகவும் மறக்கப் போவதில்லை.