இரண்டு கதவுக் கார்

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித்தான் வந்தது. தானே ஓடி வரவேண்டியது இன்னொன்றின் முதுகில் ஏறி வருவதைப் பார்த்து ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கை தட்டினேன். எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் மீளக்குடியேறி, வளவில் தறப்பாள் கொட்டில் போய்க் கல்வீடு எழும்பியிருந்த காலம். புளியங்குளத்துக்குக் கிட்ட வீட்டோடு சேர்த்து அப்பா ஒரு கராஜ் வைத்திருந்தார். உழவு இயந்திரம், தண்ணீர் இறைக்கிற மெசின், சமயத்தில் அம்மாவின் தையல் மெசின் என்று அகப்பட்டதையெல்லாம் திருத்துவார். கார் என்று ஒன்று அந்தக் கராஜுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

பூவரசங்குளத்தில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னால் கோழிகள் குடியிருந்த கார் அது. எழுபதுகளில் யாரோ ஒரு முதலாளி ஜப்பானிலிருந்து இறக்கியதாம். சண்டைக் காலம் முழுவதும் அது தப்பிக் கிடந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால் மண்ணெண்ணெயில் ஓடுகிற கார்களுக்கே அப்போது மதிப்பு. இதுவோ பெற்றோலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது என்று பெயரெடுத்திருந்தது. ஆள் பெரிய ஆள். ஆனால் கதவு இரண்டே இரண்டு. பின்சீற்றுக்குப் போகிறவர் முன்சீற்றை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். இவ்வளவு பெரிய காரைச் செய்தவனுக்கு இன்னும் இரண்டு கதவு வைக்க மனம் வரவில்லையா என்று அம்மா கேட்டார்.

அப்பா அதை வாங்கியதே அந்தக் கதவுக்காகத்தான். நல்ல நீளமான கதவு. திறந்துவிட்டுப் பின்பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினால், கூரையைத் தாங்க நடுவில் தூணே கிடையாது. முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒரே வெளி. அப்படிச் செய்த கார்கள் நாட்டிலேயே மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு அந்த அருமை பெருமையெல்லாம் தெரியாது. அந்த வெளியைப் பார்த்ததும் அவருக்குத் தன் தங்கச்சியின் நினைப்புத்தான் வந்தது.

அந்தத் தங்கச்சிதான் என் அத்தை. கடைசிச் சண்டையில் வெடித்த செல்லிலிருந்து முதுகில் பட்ட துண்டு அவருடைய கால்களை நிறுத்திவிட்டது. அதற்கு முன் சின்ன மோட்டார் சைக்கிளில் தனியாக முல்லைத்தீவு வரை போய் மீன் வாங்கி வருகிற ஆள். நான் அறிந்த அத்தை சக்கர நாற்காலியில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் வவுனியாவில் கிளினிக். அப்பா அவரைத் தூக்கி ஓட்டோவில் வைப்பார். அப்பா இல்லாத நாளில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா தூக்குவார். அந்த நேரத்தில் அத்தை கண்ணை இறுக மூடிக்கொள்வார். கல்யாண வீடு, கோயில், கடை எதற்கும் அவர் வருவதில்லை. எனக்கோ அத்தை மேல் பொறாமை. நான் எவ்வளவு அடம்பிடித்தாலும் என்னை ஒருவரும் தூக்குவதில்லை. கேட்காத அவரைத் தூக்குகிறார்கள்.

அத்தை தானே ஏறி ஓடுகிற மாதிரிக் காரை அப்பா வெட்டத் தொடங்கியதும் கதை எங்கெல்லாமோ போயிருக்க வேண்டும். ஒருநாள் கொழும்பிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். பழைய கார் சேர்ப்பவராம். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பாவின் கையில் வெட்டுகிற மெசினைக் கண்டதும் செத்த வீட்டுக்கு வந்தவர் போல ஆகிவிட்டார். “ஐயோ, இதை வெட்டாதீங்க. அப்படியே எனக்குத் தந்திடுங்க. நான் கண்ணாடி மாதிரி வச்சுப் பார்ப்பன்” என்றார்.

அப்பா அத்தையைப் பார்த்தார்.

“வச்சுப் பாக்கிறதுக்கு இந்த வீட்டில ஏற்கெனவே நான் ஒருத்தி இருக்கிறன்,” என்றார் அத்தை. “இது ஓடட்டும்.”

வந்தவர் தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா மறுபடி மெசினைப் போட்டார்.

அதற்குப் பிறகு காரின் முதலாளி யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அத்தை பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அப்பா செய்தார். ஓட்டுநர் சீற்றுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்பு வைத்து, அது பின்னால் போய்க் கதவுப் பக்கம் திரும்புகிற மாதிரி ஆக்கினார். அதற்குப் பின்னால் இருந்த பின்சீற்றுப் பாதியைக் கழற்றிச் சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் விட்டார். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு, கியர் மாற்றத் தேவையில்லாத, உடைந்த வான் ஒன்றின் எஞ்சினைப் பூட்டினார். காலால் மிதிக்கிறவை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைத்தார். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். சீற் உயரம் என்று அத்தை கழற்ற வைப்பார்; பிடி தூரம் என்று மறுபடி கழற்ற வைப்பார். ஒருமுறை நாற்காலியிலிருந்து சீற்றுக்கு மாறும்போது கிறீஸ் நிலத்தில் விழுந்துவிட்டார். அப்பா தூக்க ஓடினார். அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சீற்றைப் பிடித்துப் பிடித்துத் தானே ஏறினார். அதற்குள் ஒரு தேத்தண்ணி ஆறிப் போயிருக்கும். எனக்கு அலுத்துவிட்டது.

அறுவடை முடிந்த வயலில் அத்தை கார் ஓடிப் பழகினார். லைசென்ஸ் எடுத்தது தனிக்கதை. உழவு இயந்திரத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ற் அடித்து முடிந்தபின், தெருவில் ஏற்றுகிற நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் புது வாகனம் எதுவானாலும் முதலில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்த பிறகுதான் வேறு பயணம். அம்மா நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். முன்சீற் எனக்கென்று அத்தை எப்போதோ வாக்குத் தந்திருந்தார்.

காலையில் எல்லாம் பிந்திவிட்டது. பூமாலை வரவில்லை, தேசிக்காய் காணவில்லை, மாமா குளித்து முடியவில்லை. ராகுகாலம் தொடங்கப் போகிறது என்று அம்மா முற்றத்தில் நின்று கத்தினார். முதல் ஓட்டத்தை வீட்டு ஆம்பிளைதான் ஓடவேண்டும் என்றும் சொன்னார். அந்த அவசரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. மாமா வழக்கம்போல அத்தையை வாரித் தூக்கினார். குனிந்து, இடித்து, மிச்சமிருந்த பின்சீற்றுக்குள் ஏற்றினார். அம்மா பக்கத்தில் நெருக்கிக்கொண்டார். நான் முன்சீற்றில் தேங்காயோடு ஏறினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

தேசிக்காய்கள் சில்லின் கீழ் நசிந்தன. ஒழுங்கையில் மாடு ஒன்று நின்றது. அப்பா முப்பது வருசப் பழக்கத்தில் காலை ஊன்றிப் பிரேக்கை மிதித்தார். தானே வெட்டி எறிந்த பிரேக்கை. கால் வெறும் தகரத்தை மிதித்தது. கை பதறிப் பிடியை இழுத்தது. கார் பாய்ந்து வாசல் படலையடி வாழைகளுக்குள் போய் நின்றது. வாழைக்குலை ஒன்று மேலே விழுந்தது. மாடு தன்பாட்டில் போனது.

எல்லாரும் சத்தம் போட்டோம். அத்தை மட்டும் போடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். “அண்ணா, என்னை இறக்கி விடுங்கோ. என்னைத் தூக்கிறது இதுதான் கடைசி” என்றார்.

அப்பாவின் முகம் அப்படிக் கறுத்ததை நான் முன்பு கண்டதில்லை. இத்தனை மாதம் எதற்காக வேலை செய்தோம் என்பது அவருக்கு இடையில் மறந்து, அப்போதுதான் நினைவு வந்தது என்று நினைக்கிறேன். அத்தையை நாற்காலியில் இறக்கிவிட்டு, அம்மாவையும் இறங்கச் சொல்லி, காரைப் பின்னால் எடுத்து, ஒதுங்கி நின்றார். அத்தை ஓட்டுநர் கதவடிக்கு வந்தார். மெதுவாக ஏறினார். நாற்காலியை மடித்து, இழுத்து, பின்னால் வைத்தார். ராகுகாலம் பிறந்துவிட்டது என்று அம்மா தொடங்க, அப்பா “பேசாம இரு” என்றார். நான் என் இடத்தில்தான் இருந்தேன்.

“நீ இறங்கு, குஞ்சு,” என்றார் அத்தை. “நான் தனியப் போட்டு வாறன்.”

நான் நிலத்தில் விழுந்து உருண்டு அழுதேன். கார் போய்விட்டது. அப்பா படலையைப் பிடித்தபடி நின்றார். அவரும் கண்ணைத் துடைத்தார். அவருக்கும் முன்சீற் கிடைக்காத கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் அத்தை திரும்பி வந்தார். தேங்காய் உடையாமல் சீற்றில் உருண்டுகொண்டு கிடந்தது.

“எங்க அத்தை போனனீங்கள்?”

“ஓரிடமும் போகேல்லை. சந்தியில காரை நிப்பாட்டிப்போட்டு, எந்தப் பக்கம் போவமெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.”

“இவ்வளவு நேரமுமோ?”

“ஓம்,” என்று சிரித்தார். அவருடைய முகம் வெயிலில் சிவந்திருந்தது.

எனக்கு அத்தை மேல் பரிதாபமாகப் போய்விட்டது. கார் கிடைத்தும் போக இடம் தெரியாமல் சந்தியில் நின்றிருக்கிறாரே! என்னைக் கூட்டிப் போயிருந்தால் உடனேயே சொல்லியிருப்பேன், முல்லைத்தீவுப் பக்கம் திருப்புங்கோ, கடல் பார்க்கலாம் என்று.