கொழும்புப் பத்திரிகையில் காசிமின் முழங்கால்

ராயபுரம் ஸ்டேஷனில் என் ரயில் தாமதம். எதிரே டீக்கடைக்குப் போகிறேன். அங்கே, கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்த கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் காசிம்தான் அவர்களுடைய கால்பந்துக் குழுவின் சிறந்த ஆட்டக்காரன். கொழும்புக் குழு ஒன்று வேலையும் கொடுத்து அவனை அழைக்கப்போகிறது என்று இரண்டு மாதமாக வதந்தி. காசிமும் அங்கேதான் இருக்கிறான்.

"படிச்ச ஆளா கீறே சார், இன்னா போட்டுக்கீறான்னு சொல்லு," என்று கரி படிந்த கையால் பத்திரிகையை என்னிடம் நீட்டுகிறான்.

படித்துச் சொல்கிறேன். அவன் முழங்கால் உடைந்துவிட்டதாக மதராஸிலிருந்து கடிதம் வந்ததாம். வேறொருவனை எடுத்துக்கொண்டார்களாம்.

"என் காலு நல்லாத்தானே கீது! எவன் எழுதினான்?"

குழுவின் கேப்டன் தரையைப் பார்த்தபடி சொல்கிறார்: "நான்தான் மாமு. நீ பூட்டா நம்ம டீம் இன்னா ஆவும்?"

காசிம் அடிக்கவில்லை, திட்டவில்லை. "இனிமே கரி தூக்க மாட்டேன்னு எம் பொண்டாட்டி கைல சொல்லிட்டேனே," என்கிறான். துறைமுகச் சங்கு ஊதுகிறது. எழுந்து வேலைக்குப் போகிறான்.

கேப்டன் என் பக்கம் திரும்புகிறார்.

"ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு வந்துருவான் சார். வேற எங்க போவான்?"