மடிப்பு இல்லாத பேண்ட்

பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் ஆக வேண்டுமென்றால் நிதானம் வேண்டும், அனுபவம் வேண்டும் என்பார்கள். சரியான பேண்ட் ஒன்று வேண்டும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட. இடுப்பு நாற்பத்திரண்டு. இதைப் படித்துவிட்டு யாராவது பெருமூச்சு விட்டிருந்தால் அவர் என் இனம். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். 'ஆள் பாதி ஆடை பாதி' என்பது மற்றவர்களுக்கு. நமக்கு ஆள் பாதி, ஆடை ஒன்றரை.

சாத்தூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு ஃபோர்மேன் வேலை கிடைத்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. வெடிமருந்து கலக்குகிற, அடைக்கிற இடத்தில் பாலியஸ்டர் கலந்த துணி கூடாது. உராய்ந்தால் பொறி வரும். சுத்தக் காட்டன்தான். இரும்பு பக்கிள் வைத்த பெல்ட் கூடாது. எல்லாவற்றையும் விட, பேண்ட் காலை மடித்துவிடக் கூடாது, மடிப்புக்குள் மருந்து தங்கும். காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே விடுவதே ஃபோர்மேனின் முதல் வேலை. லுங்கி கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஆடுகிற துணி தரையில் கிடப்பதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும். மருந்து ரூம் ஆட்களுக்கு அரை டிராயர், ஃபோர்மேனுக்கு முழு பேண்ட் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அந்த முழு பேண்ட்டுக்காக நான் பட்ட பாடுதான் இது.

விருதுநகரில் ஒரு ரெடிமேடு கடை

வேலையில் சேர நாலைந்து நாள் இருக்கும்போது விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். இடுப்பு பொருந்துகிற பேண்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் என் பாதத்தைக் காணவில்லை. விற்பனைக்கு நின்றவர் குனிந்து ஒரு மடிப்பு மடித்தார், பிறகு இன்னொன்று. "மடிக்கக் கூடாதுங்க, எங்க வேலைக்கு ஆகாது" என்றேன். "அப்ப வெட்டிருவோம்" என்றார். வெட்டலாம். ஆனால் முழங்காலுக்கென்று அவர்கள் வைத்த இடம் எனக்குக் கணுக்காலில் அல்லவா இருக்கிறது! நீளம் பொருந்துகிற பேண்ட் என் தொடையைத் தாண்டி ஏறவே இல்லை. சட்டை இன்னும் மோசம். வயிற்றுக்குப் பொத்தான் மாட்டினால் தோள்பட்டை முழங்கையைத் தொட்டது, கை விரல்கள் உள்ளே போய்விட்டன.

திங்கட்கிழமை கேட்டில் எதை உடுத்தி நிற்கப் போகிறேன் என்ற நினைப்பில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "ரெண்டு அளவும் சேர்ந்தாப்ல ஒண்ணுகூடவா இல்லை?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் பேண்ட்களை மடித்து அடுக்கியபடி சொன்னார்:

"அண்ணாச்சி, இந்த இடுப்பு உள்ள ஆளு ஆறடி இருப்பான்னு கம்பெனிக்காரன் ஒரு கணக்குல தைக்கான். நீங்க வந்து அந்தக் கணக்கத் தப்பாக்கிட்டு எங்கிட்ட கோவப்பட்டா நான் என்ன செய்ய?"

ஓர் இழை நூல்

தைத்துக்கொள்வதுதான் வழி என்று சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். காக்கி நிறத்தில் ஒரு துணியை எடுத்துப் போட்டு, "சுத்தக் காட்டன்" என்றார் கடைக்காரர். எங்கள் ஆட்கள் சொல்லை நம்ப மாட்டார்கள். ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பார்ப்பார்கள். காட்டன் என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், கலப்பு என்றால் உருகி, முனையில் மணி மாதிரி கட்டியாக நிற்கும். நானும் ஓர் இழையை உருவிக்கொண்டு, "ஒரு தீப்பெட்டி இருந்தா குடுங்க" என்றேன்.

தீபாவளிச் சரக்கு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற கடை அது. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தேவிட்டார். எங்கே வேலை என்று விசாரித்தார். சொன்னேன். இன்னும் இரண்டடி பின்னால் போனார். நான் நூலோடு தெருவுக்கு வந்து, எதிர்த்த டீக்கடை அடுப்பில் காட்டிப் பார்த்தேன். உருகி மணி கட்டியது. இதை உடுத்திக்கொண்டு மருந்து ரூமுக்குள் போயிருந்தால்? திரும்பிப் போய், "இது கலப்பு, வேற காட்டுங்க" என்றேன். அவர் உள்ளேயிருந்து நல்ல காட்டன் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க கம்பெனியில தீப்பெட்டிய வாசல்லயே வாங்கி வச்சிருவீகளாமே அண்ணாச்சி, அந்தப் பழக்கத்த எங்க கடைக்குள்ள வரும்போதும் கொஞ்சம் வச்சுக்கோங்க!"

பரமசிவம் டெய்லரின் தாராளம்

பஸ் ஸ்டாண்டு பக்கம் பரமசிவம் என்று ஒரு டெய்லர். என் இடுப்பை அளந்து உரக்கச் சொன்னார். காலை அளந்தவர், டேப் நழுவிவிட்டதோ என்று மறுபடியும் அளந்தார். கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், அதாவது குனிந்து பார்த்தார்கள்.

ஆனால் தொழிலில் கைதேர்ந்தவர். சொன்ன நாளில் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன், இடுப்பு கச்சிதம், பெல்ட் வேண்டியதே இல்லை, கால் செருப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வெளியே ஒரு மடிப்புக் கிடையாது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பேண்ட் என்னை மனிதனாக மதித்தது. சந்தோஷத்தில், "துணி கொஞ்சம் மிஞ்சியிருக்குமே" என்று கேட்டதற்கு, காலின் அடிப்பக்கத்தைப் புரட்டி உள்ளே காட்டினார். நாலு விரற்கடை அகலத்துக்கு உள்மடிப்பு வைத்து, மேலே லேசாகத் தையல் ஓட்டியிருந்தார்.

"பேண்ட் பிட்டுன்னா ஒசரமான ஆளுக்குன்னு வெட்டுறதுதான. மிச்சத்த உள்ளயே வச்சிருக்கேன். காட்டன் சுருங்குச்சுன்னா பிரிச்சு விட்டுக்கிடலாம். வெட்டுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் அண்ணாச்சி, ஒட்ட வைக்க முடியுமா?"

அடுப்பங்கரையில்

அவர் சொன்னது போலவே பேண்ட் சுருங்கியது. ஐப்பசி நெருங்க நெருங்க லோடு மேல் லோடு, எனக்கு நிற்க நேரமில்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து லுங்கிக்கு மாறியதும், என் மனைவி தங்கமாரி, துவைக்கப் போடும் முன்னால் உள்மடிப்பைப் பிரித்துவிடலாம் என்று பேண்ட்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தங்கமாரியும் பட்டாசு வேலை பார்த்தவள்தான். உள்மடிப்பின் தையல் ஓரிடத்தில் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. அவள் பேண்ட்டைத் திருப்பியதும் அந்த வாய் வழியாக வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள் சரிந்து தரையில் விழுந்தது. ஒரு நொடிதான் பார்த்தாள். கையை எட்டி முதலில் அடுப்பை அணைத்தாள். மகளை வாசலுக்குப் போகச் சொன்னாள். ஈரத்துணி போட்டுத் தூளைத் துடைத்து எடுத்து, துணியை வாளித் தண்ணீரில் முக்கினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் சுவரோடு உட்கார்ந்தாள்.

அந்தப் பேண்ட் காலோடுதான் தினமும் டீக்கடையில் பீடி குடிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு முன்னால் நின்று கும்பிட்டிருந்தேன். மகளைத் தூக்கி மடியில் வைத்திருந்தேன். பரமசிவத்தின் மேல் கோபப்படவும் முடியவில்லை, துணியை மிச்சம் பிடித்துக் கொடுப்பது டெய்லரின் நல்ல குணம். மருந்து அந்தக் குணத்தைப் பார்க்குமா? தங்கமாரி சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்:

"கேட்ல நின்னு அம்புட்டுப் பேரையும் தடவிப் பாக்கீகளே, உங்கள யாரு தடவிப் பாத்தா?"

அரை டிராயர்

மறுநாள் விடிந்ததும் கத்திரியை எடுத்து இரண்டு காலையும் முழங்காலுக்கு மேல் வெட்டிவிட்டாள். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தில் ஒட்டத் தையல் போட்டாள், ஒரு மணல் துகள்கூட நுழையாது. அதை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஃபோர்மேன் ஆகிச் சில மாசமே ஆனவன், கூலியாட்களின் டிராயரில் போய் நின்றால் யார் பேச்சுக் கேட்பார்கள்?

கேட்டில் நின்று அன்று நானே கையைத் தூக்கி, "முதல்ல என்னைச் சோதிங்க" என்றேன். சட்டை மடிப்பு, டிராயர் ஓரம் எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்த்தார்கள். பிறகு மற்ற எல்லாரின் உள்மடிப்பையும் புரட்டிப் பார்த்தோம். இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பித் துணி மாற்றி வரச் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பே வராத நேரம் அது. ஆனாலும் திரி வெட்டுகிற காளீஸ்வரி சும்மா இருப்பாளா?

"ஃபோர்மேன் அண்ணாச்சிக்குக் கால் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இம்புட்டு நாளும் பேண்ட் மட்டுந்தான் நடந்து வருதுன்னு நெனச்சேன்!"

கோயம்புத்தூர் பார்ட்டி

முதலாளிக்கு டிராயர் பிடிக்கவில்லை. பெரிய ஆர்டர் தருகிற கோயம்புத்தூர் பார்ட்டி வருகிறார், அன்றைக்காவது மரியாதையாகப் பேண்ட் போட்டு வா, இல்லாவிட்டால் ஃபோர்மேன் வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். தங்கமாரியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், "வேலையா உசுரா" என்று கேட்பாள். எனக்கோ இரண்டும் வேண்டும். டிராயரோடுதான் போனேன்.

காரிலிருந்து பார்ட்டி இறங்கினார். அவரும் என் உயரம், என் சுற்றளவு! கண்ணாடியைப் பார்த்தது போல இருந்தது. பளபளக்கிற பேண்ட், கீழே மூன்று மடிப்பு. "இந்தத் துணியோட உள்ள விட முடியாதுங்க" என்று சொன்னேன். முதலாளி முகம் சிவந்தது. பார்ட்டி என் டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்டர் போச்சு, வேலையும் போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், என் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்:

"ஏனுங்க, இந்த டவுசரு எங்க தெச்சீங்க? நமக்கும் சின்ன வயசுலிருந்து இதே ரோதனைதானுங்க."

புகை

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. தரை ஆடியது. எங்கள் ஆட்களை ஷெட் ஷெட்டாக வெளியேற்றிப் பின்பக்கக் கரிசல் காட்டுக்கு ஓட்டினேன். யாரும் விடுபட்டுவிட்டார்களோ என்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தேன். கரும்புகை கம்பெனியையும் ரோட்டையும் மூடிவிட்டது. எந்தக் கம்பெனி என்று தெரியாமல் எங்கள் ஊர் அச்சங்குளத்திலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கேட்டுப் பக்கம் யாரையும் விடவில்லை. ரோட்டோரம் நின்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். அந்தக் கூப்பாடு காடு வரைக்கும் கேட்டது. ஆனால் அந்தத் தூரத்தில் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

பக்கத்துக் கம்பெனியில் சிலருக்குத் தீக்காயம், உயிர்ச்சேதம் இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. புகை கொஞ்சம் விலகியதும் நான் ரோட்டுக்கு வந்தேன். மற்ற பெண்கள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கமாரி மட்டும் செருப்பில்லாத காலோடு ரோட்டோர ஜல்லியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய், "என்னாச்சு?" என்று கையைப் பிடித்தேன். அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள்.

"புகையில, காட்டுல நின்னவுக ஒருத்தரு மூஞ்சியும் தெரியலங்க. ஒசரமான ஆளுகளுக்கு நடுவுல குட்டையா, பீப்பா கணக்கா ஒண்ணு டவுசரப் போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனதப் பாத்தேன். அதுக்கு மேல கால் நிக்கல, உக்காந்துட்டேன்."

கடை கடையாக நான் தேடி அலைந்தும் எனக்குக் கிடைக்காத என் அளவு, என்னைத் தேடி ஓடி வந்தவளுக்கு ஒரே பார்வையில் கிடைத்துவிட்டது.