பூ தெருப்பக்கமே இருக்கட்டும்

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் ரவி, மருமகள் கலா, நாத்தனார் ராசம்மா.

மாத்தளை டவுனில் எங்களுடையது மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதை எஸ்டேட் துரை பங்களா மாதிரி ஆக்கியே தீருவதென்று பிரம்பு நாற்காலி வாங்கினேன். ரோசாப்பூத் துணியில் ஜன்னல் திரை தைத்து இன்றைக்கு மாட்டினேன்.

கலா சிரித்துவிட்டாள். "மாமி, பூ வெளிப்பக்கமா இருக்கு. உள்ளுக்குத்தானே வரணும்!"

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் பங்களா ஜன்னலை நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். உள்ளேயிருந்து அது எப்படித் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"திருப்பி மாட்டவா அம்மா?" என்றான் ரவி.

"வேணாம்டா. ரோட்டுல போறவங்க பாக்கட்டும்."

ராசம்மா விடவில்லை. "லயத்துல பொறந்துட்டு பங்களா கேக்குதா அண்ணி?"

அவளும் தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில், பக்கத்துக் காம்பராவில் பிறந்தவள்தான்.

நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் ராசம்மா திரையைத் திருப்பியும் மாட்டிவிட்டாள். இந்த முழங்கால் வலியோடு முக்காலியில் ஏறி, பூவை மறுபடி தெருப்பக்கமே திருப்பினேன்.

உங்கள் வீட்டில் பூ எந்தப் பக்கம்? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கலா சிரித்ததை இன்றைக்கே மன்னித்துவிட்டேன். சாகும்வரை மன்னிக்கப்போகாத ஆள் ஒருத்திதான், ராசம்மா.