பிராமில் உட்கார்ந்த பலாப்பழம்

கொல்லிமலையிலிருந்து சேலத்துக்குப் பலாப்பழம் கொண்டுபோகிறவர்கள் விற்கக் கொண்டுபோவார்கள், இல்லையென்றால் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கொண்டுபோவார்கள். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியான பிராமில் உட்காரவைத்துப் பார்ப்பதற்காகக் கொண்டுபோனவள் அநேகமாக நான் ஒருத்திதான். இந்தப் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டும். யோசனை நல்ல யோசனைதான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். குடியிருந்தது பஸ் போகும் ரோட்டோரம் ஒரு வாடகை வீட்டில். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் ரோடு. மண் ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதிக்கு மேல் கல்தான். வீட்டுக்காரருக்குக் கீழே ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை. சனிக்கிழமை மலையேறி வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். மகளுக்கு ஒன்றே முக்கால் வயசு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் மரவள்ளியும் மிளகும் போட்டிருந்த ஓர் அக்கா பகலில் அவளைப் பார்த்துக்கொள்வார். அதனால் தினமும் இடுப்பில் மகள், தோளில் நோட்டுப் பை, கையில் குடை. இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

பரீட்சை சமயத்தில் ஒரு கோடை மழை. சாயங்காலம் திரும்பி வரும்போது இறக்கத்தில் கால் வழுக்கி, மகளோடு சேர்ந்து உட்கார்ந்தவாக்கில் சறுக்கிக்கொண்டே போனேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. என் மேலே உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவை போகலாம் என்பதுபோலச் சிரித்தாள். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை வந்தவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் அவருடைய அக்காவிடம் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். இவரைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவர், இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ராசிபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தார். இரண்டு பையன்களும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். விழுந்த சேதி கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மலையேறி வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, புள்ளையத் தூக்கிட்டு மலையில உருளோணும்னு என்ன தலையெழுத்து? பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள எங்கூட அனுப்பிடு. அவளப் பள்ளிக்கூடத்துல சேக்கற வயசு வரைக்கும் எங்கூட்டுல இருக்கட்டும். நீ சனி, ஞாயிறு வந்து பாத்துட்டுப் போ."

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். அக்கா சொன்னால் இவருக்கு மழைகூட மேல்நோக்கிப் பெய்யும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கா பெற்றேன் என்று கேட்டும் விட்டேன். நங்கையா குரலை உயர்த்தவில்லை. "செரி, அப்பறம் எப்பிடித்தான் கொண்டுட்டுப் போவே? அதச் சொல்லு" என்றார்.

"வண்டி வாங்கறனுங்க. ஒக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படி ஒரு வண்டியை டிவியில்தான் பார்த்திருந்தேன்.

"வாங்கு. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வாரேன். நானே தள்ளிப் பாக்கறேன். ஓடுச்சுன்னா புள்ள உங்கூட இருக்கட்டும். ஓடலீன்னா எங்கூட வரட்டும்."

வீராப்பாக ஒத்துக்கொண்டேன். அவர் பஸ் ஏறிய பிறகுதான், அந்த வண்டி என்ன விலை என்றுகூடத் தெரியாதே என்பது உறைத்தது.

வண்டி வாங்கச் சேலம் போக வேண்டும். மகளைக் கூட்டிப்போக முடியாது. சோளக்காட்டிலிருந்து கீழே இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு, அவளுக்குப் பத்தாவது வளைவிலேயே வாந்தி. ஆனால் ஆளை உட்காரவைத்துப் பார்க்காமல் எப்படி வண்டி வாங்குவது? அப்போதுதான் பலாப்பழம் ஞாபகம் வந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் பழம் விற்கும் அம்மாவிடம் போய் மகளைத் தராசுத் தட்டில் உட்காரவைத்தேன்.

"ஏனுங்க டீச்சரு, புள்ளைய விக்கறீங்களா?"

"எட பாக்கத்தானுங்க. இதே எடையில ஒரு பலாப்பழம் வேணும்."

அந்த அம்மா சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒவ்வொரு பழமாக அக்கறையாக நிறுத்துப் பார்த்தார். மகள் பதினோரு கிலோ. சரியாகப் பதினோரு கிலோவுக்கு நன்றாகப் பழுத்த ஒன்றுதான் கிடைத்தது. "காயாப் பாத்து எடுங்க டீச்சரு. இது போறதுக்குள்ள பஸ்ஸே மணக்கும்" என்றார். எடைதான் முக்கியம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்து எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் பழத்தைப் பார்த்து, "அரை டிக்கெட்டுங்களா, லக்கேஜுங்களா?" என்றார். கீழே வைத்தால் வளைவுக்கு வளைவு உருளும் என்று மடியிலேயே வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். தொடை மரத்துப்போய்விட்டது. ராசிபுரம் வருவதற்குள் பஸ் முழுக்க வாசனை. பின் சீட்டுக்காரர் ஒருவர், அறுப்பதாக இருந்தால் தன்னிடம் கத்தி இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார்.

சேலத்தில் தொட்டிலும் குழந்தை சைக்கிளும் விற்கிற கடை. முதல் பிராமில் பழத்தை இறக்கினேன்.

"அம்மா, அது கொழந்தைங்க ஒக்கார்றதுங்க" என்றார் கடைக்காரர்.

"தெரியுங்க. எங்கொழந்த எட இதுதான்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பழத்துக்குப் பெல்ட் போட்டுவிட்டார். நல்ல மனுஷர்.

கடைத் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. பளிங்குத் தரையில் அம்மிக்கல்லே ஓடும். வாசலில் சாக்கடை வேலைக்காக ஜல்லி கொட்டிக் கிடந்தது. அதன் மேல் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றேன். ஜல்லி மேல் யாராவது பிராம் தள்ளுவார்களா என்று கேட்டார். "எங்க ரோடே அதுதானுங்க" என்றேன்.

முதல் வண்டிக்கு நாலு சக்கரம், ஒவ்வொன்றும் பூரி அளவு. ஜல்லியில் ஏறியதும் மூன்று சக்கரம் பதிந்தது, நாலாவது அந்தரத்தில் நின்றது. அதை அழுத்தினால் இன்னொன்று தூக்கியது. பழம் இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டாவதில் கிலுகிலுப்பையெல்லாம் கட்டி அழகாக இருந்தது, அதற்கும் அதே ஆட்டம். மூன்றாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து பழத்தை ஜல்லியில் தள்ளிவிட்டது. மகளாக இருந்தால் என்று நினைத்து, அந்த வண்டியை உடனே உள்ளே தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் மூலையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. குழந்தை சைக்கிளுக்கு இருப்பதுபோலக் காற்றடிக்கிற டயர்.

"அது வேண்டாங்கம்மா. மூணு சக்கரம், நிக்காதுன்னு யாரும் கேக்கறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் வெட்டவெளியில் அடுப்புக் கூட்டும்போது மூன்று கல்தான் வைக்கிறோம். எவ்வளவு மேடு பள்ளமானாலும் பானை உட்கார்ந்துகொள்கிறது. நாலாவது கல்லை வைத்தால்தான் ஆடும். வண்டியை ஜல்லிக் குவியல் மேல் ஏற்றினேன். மூன்று சக்கரமும் பதிந்து நின்றது. திருப்பத்தில் வேகமாக வளைத்தால் மட்டும் லேசாகச் சாய்ந்தது. வேகமாகப் போக நான் என்ன லாரியா ஓட்டப்போகிறேன்? சரிவில் நிறுத்தி, பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். பழம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் பழம் என்ன விலை என்று கேட்டார்.

பழத்தை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் விலையைக் குறைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். வாசனை அவரையும் ஒரு வழி பண்ணியிருந்தது. பழத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு மலையேறினேன். ஏதோ ரதமே கொண்டுவருகிற நினைப்பு.

வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கி அதில் வைத்தேன். விறகுக்கட்டை மாதிரி உடம்பை விறைத்துக்கொண்டு கத்தினாள். எடை பார்த்தேன், ஜல்லி பார்த்தேன், பிரேக் பார்த்தேன். பலாப்பழம் வைத்த இடத்தில் இருக்கும், பெற்ற பிள்ளை இருக்காது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கெஞ்சினேன், கொஞ்சினேன், திட்டினேன். அவள் வண்டியைத் தள்ளினாள். அதில் பொம்மையை வைத்தாள், செருப்பை வைத்தாள், பக்கத்து வீட்டுப் பூனையை வைத்தாள். தான் மட்டும் உட்கார மாட்டாள். சனிக்கிழமை வந்த வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நாளைக்கு அக்கா வாராங்களே" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து இந்த வீட்டில் இவள் சத்தம் இருக்காது என்று நினைக்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நங்கையா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். பிள்ளையின் துணிமணியை அள்ளிப்போகத்தான் அந்தப் பை என்று எனக்குத் தோன்றியது. பையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வந்ததும் வராததுமாக, "எங்க, வண்டியக் காட்டு" என்றார்.

வாசலில் வண்டியை நிறுத்தி மகளைத் தூக்கி வைத்தேன். அதே விறைப்பு, அதே கத்தல்.

"விட்ரு கண்ணு. அழுவ வெக்காத" என்று நங்கையா குனிந்து கையை நீட்டினார். மகள் தாவி அவரிடம் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. நங்கையா ஊருக்குக் கொண்டுபோக ஒரு பலாப்பழம் வாங்கி வாசற்படியில் வைத்திருந்தோம். அதைத் தூக்கி வண்டியில் போட்டுப் பெல்ட்டைக் கட்டினேன். "நீ வராட்டிப் போ. பழந்தான் எங்கூடப் பள்ளிக்கூடம் வருது" என்று சொல்லிவிட்டு ரோட்டில் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போனேன். தந்திரம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். தந்திரமெல்லாம் இல்லை, வெறும் ஆத்திரம்.

இருபது அடி போயிருப்பேன். பின்னால் ஒரே அலறல். "என் வண்டி, என் வண்டி" என்று மகள் நங்கையாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்தாள். பழத்தைப் பிடித்து இழுத்தாள். முள் குத்தியது, அதற்கும் அழுதாள், ஆனாலும் விடவில்லை. கடைசியில் நங்கையாதான் வந்து பெல்ட்டைக் கழற்றினார், பழத்தை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார், மகளைத் தூக்கி உட்காரவைத்தார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பழத்தை ஒரு முறை முறைத்தாள்.

சொன்னபடி நங்கையாதான் தள்ளினார். பள்ளிக்கூடம் வரைக்கும், ஒன்றரைக் கிலோமீட்டர். கல்லில் ஏறியது, சேற்றில் இறங்கியது, ஒரு இடத்திலும் ஆடவில்லை. நடுவில் ஓர் இறக்கத்தில் நின்று, "இங்கதான உளுந்தே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அந்த இடத்தைத் தாண்டும் வரை பிரேக்கைக் காலால் அழுத்தி நிறுத்தி நிறுத்தி, அடி அடியாகத் தள்ளினார். திரும்பி வரும்போது மகள் தூங்கிவிட்டாள்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நங்கையா கைப்பிடியை விடாமல் நின்றார்.

"ஓடுது கண்ணு" என்றார். கைப்பிடியைத் தடவியபடி, "இது ஓடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் காலைல பஸ் ஏறுனேன்" என்றார்.

பையைத் திறந்து ஒரு சின்ன மெத்தையை எடுத்தார். இலவம்பஞ்சு அடைத்து, பூப்போட்ட துணியில் தைத்தது. "பஸ்ஸுல மடியில போட்டுப் படுக்க வெச்சுட்டுப் போலாம்னு தெச்சேன்" என்று சொல்லி, தூங்குகிறவளை எழுப்பாமல் அவள் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவே அதைச் செருகினார். அந்தப் பை துணிமணியை அள்ளத்தான் என்று காலையிலிருந்து மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். வெட்கமாக இருந்தது. "மாசாமாசம் வந்துருங்க நங்கையா" என்றேன்.

மத்தியானப் பஸ்ஸுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். நங்கையாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் பலாப்பழத்தோடு உள்ளே ஏறி, "சீட்டுக்கடியில வெச்சிரட்டுமாக்கா?" என்றார்.

"வேண்டாஞ் சாமி. மடியில குடு."

எழுபது வளைவுக்கும் மடி தாங்காது, எனக்குத் தெரியும். பஸ் நகர்ந்தது. மகள் விழித்துக்கொண்டு வண்டியில் இருந்தபடியே டாட்டா காட்டினாள். நங்கையா தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய இரண்டு கைகளும் பழத்தைக் கட்டிக்கொண்டிருந்தன.