மேட்டில் மூச்சிரைத்தவன்

அன்று எங்கள் மிளகுத் தோட்டத்தில் நான், என் மகள், காரவள்ளியிலிருந்து வந்த நாத்தனார், அவர் மகன் என நான்கு பேர்தான் இருந்தோம்.

முந்தைய வருடம் நோம்பிப் பண்டிகைக்கு வந்தபோது நாத்தனார், “ஓடுனா இவ நெஞ்சு இப்படிப் படபடங்குதே, சீக்குப் புள்ளையா?” என்று கேட்டிருந்தார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு எதற்கும் பயம். மகளை ஒரு வருடம் விளையாடவே விடவில்லை.

பிறகு மகளின் பள்ளிக்கு வந்த டாக்டரிடம் கேட்டேன்; அவர் சிரித்தார். “ஓடுனா அடிக்கத்தாங்க செய்யும். ஒக்காந்ததும் அடங்கிருதில்ல? நல்ல நெஞ்சுங்க.”

நாத்தனார் பேச்சால் ஒரு வருடம் வீணான ஆத்திரத்தில்தான் அன்று பிள்ளைகளை நானே மேட்டுக்கு ஓடவிட்டேன். மகள் உச்சியில் நின்று சிரித்தாள். பையன் பாதியிலேயே உட்கார்ந்து இரைத்தான்.

“ஏனுங்க அண்ணி, இவன் சீக்குப் புள்ளைங்களா?” என்றேன். அவர் முகம் வெளுத்தது.

அவனுக்கு ஓடிப் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். இப்போது அவனை விளையாட விடுவதில்லையாம். பையன் பாவம். ஆனாலும் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.