காப்பிக்கு எரிந்த ஸ்பிரிட்

பேத்தியின் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. "கண்ணு எரியுதா தாத்தா?" என்றாள். கண்ணை விடுங்கள், எனக்கு வயிறு எரிந்தது.

யுத்த காலம். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டியபோது எங்கள் விலங்கியல் பேராசிரியர் திருமுல்லைவாயிலில் வீடு பிடித்தார். மனைவி மக்களோடு, கல்லூரியில் பிராணிகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்திருந்த கண்ணாடி ஜாடிகளும் வந்தன. அவருக்குக் கீழே வேலை பார்த்த நானும் பூந்தமல்லி இப்ராகிமும் தினம் போய்வந்தோம். அவனுக்குக் கண் கூர்மை, எனக்கு வாய் நீளம்.

ஒரு ஜாடியில் எங்கள் உயிர் இருந்தது. பாம்பன் பவளப் பாறையில் நாங்கள் எடுத்த இறகு நட்சத்திரம். நட்சத்திர மீனுக்குத் தூரத்து உறவு. கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தொட்டாலே கைகளை உதறிவிடும். அதை முழுசாகக் கொண்டுவர நாய் படாத பாடு பட்டோம். அடியில் பாறையைப் பற்றும் கொக்கிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் இரட்டை முள். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை. வர்ணனை எழுதியாயிற்று, பெயரும் வைத்தாயிற்று, படம் வரைவதுதான் பாக்கி.

ஸ்பிரிட்டுக்குப் பஞ்சம் வந்தது. பேராசிரியர் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்கவும் ஸ்பிரிட் வேண்டும். மனிதர் ஜாடிகளில் இருந்ததை வடித்துக்கொண்டு ஃபார்மலினை ஊற்றிவிட்டார். அந்த ஸ்டவ்வில் போட்ட காப்பியில் பாம்பன் கவிச்சி அடித்திருக்க வேண்டும், அடிக்கட்டும்!

"சார், இதோட ஒடம்பெல்லாம் சுண்ணாம்பு சார், ஃபார்மலின் கரைச்சிடும்" என்றான் இப்ராகிம்.

"மீனே அதுலதான் கெடக்கு. இதுக்கு மட்டும் என்ன கேடு?"

வெளியே வந்ததும் இப்ராகிம் கத்தினான்: "சுண்ணாம்பு மேல எலுமிச்சம்பழத்த புழிஞ்சிட்டு குந்திகினு கீறான், மச்சான்!"

ஜாடிகள் இருந்த அறையின் சாவி அவர் இடுப்பில். மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில்தான் கொடுத்தார். ஜாடிக்குள் கைகள் துவண்டு கிடந்தன. கொக்கிகள் கூழாகிவிட்டன, முள் இருந்த இடமே தெரியவில்லை. பொருளைக் காட்டாமல் புது இனம் என்றால் யார் அச்சிடுவார்கள்?

"கடல்ல இன்னொண்ணு கிடைக்காமலா போகும்?" என்றார். அவர் சட்டையைப் பிடிக்காமல் வந்தேனே என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

யுத்தம் ஓய்ந்ததும் பாம்பன் போனோம். அந்தப் பாறையைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு வெட்டி எடுத்திருந்தார்கள். இப்ராகிம் முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றான். அவனும் இப்போது இல்லை.

"என்ன பேரு வெச்சீங்க தாத்தா?" என்றாள் கதையைக் கேட்டு முடித்த பேத்தி. நான் சொல்லவில்லை. சொன்னால் காட்டச் சொல்வாள்.